ஒரு பக்கமும் விடாமல்

எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குக் கேசட் வந்தால் அது தெருவுக்கே வந்த மாதிரி. சவூதியிலிருந்தோ துபாயிலிருந்தோ யாராவது லீவில் வந்து, பெட்டியைப் பிரித்து, கோடாரித் தைலத்துக்கும் சோப்புக் கட்டிகளுக்கும் நடுவிலிருந்து கேசட்டை எடுத்துக் கொடுத்துவிட்டால் போதும். சாயங்கால அஸர் தொழுகை முடிந்த கையோடு அந்த வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துவிடுவார்கள். சம்பந்தி வீடு, எதிர் வீடு, கொல்லைப்பக்கம் விறகு போட வந்தவள் உட்பட எல்லாரும் உட்கார்ந்து கேட்பார்கள். புருஷன் பெண்டாட்டிக்குச் சொல்ல நினைத்ததை அத்தனை பேர் காதுக்கும் ஒத்துப்போகிற மாதிரித்தான் சொல்லியாக வேண்டும். அதனால் எந்தக் கேசட்டைப் போட்டாலும் ஒரே ஆள் பேசுகிற மாதிரி இருக்கும். நல்லா இருக்கேன், நீங்க நல்லா இருக்கீங்களா, மழை பேஞ்சுதா, எல்லாருக்கும் சலாம்.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. வெளிநாடு போன சபராளியிடம் சாவைச் சொல்லும் மவுத்துப் பேச்சும் நோய்ப் பேச்சும் எடுக்கக் கூடாது. கடல் தாண்டிப் போனவன் காதில் கெட்ட வார்த்தை விழுந்தால் அது அவனுக்கே வந்து சேரும் என்று ஒரு பயம். மேலத்தெருவில் ஒரு பையன் இரண்டு வருஷம் கழித்து லீவில் வந்து, சின்னத்தாவுக்கு, அதாவது சித்தப்பாவுக்கு, என்று வாங்கிய சால்வையைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் எங்கே என்று வாசலில் நின்று கேட்டான். அவர் போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. பாசத்தில்தான் மறைத்தார்கள். இந்தப் பாசத்தைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். ஆனால் எங்கள் வீட்டிலும் அப்படித்தான் செய்தோம்.

எங்கள் தெரு மூஸா சவூதிக்குப் போனது தொண்ணூற்று நான்கில். அதுவரைக்கும் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தார். விரித்துப் போட்ட சேலையைக் கண் மூடித் திறப்பதற்குள் பழைய மடிப்பிலேயே மடித்து வைப்பார். வீட்டு டிரைவர் விசா என்று ஏஜெண்டு சொன்னதும் ஓடிப்போய் டிரைவிங் கற்றுக்கொண்டு வந்தார். கிளம்பும்போது அவர் மனைவி லத்தீஃபா மூன்று மாதம் முழுகாமல் இருந்தாள். வீட்டில் அவளும் மாமியார் சைத்தூன் பீவியும்தான். விடியற்காலை சுபுஹுத் தொழுகைக்கு முன்பே எழுந்து இரண்டு பேரும் இடியாப்பம் பிழிந்து தெருவுக்கு விற்பார்கள். மாவை வறுத்து, வெந்நீர் விட்டுக் கிளறி, சூடு ஆறுவதற்குள் மர உரலில் அடைத்து அழுத்த வேண்டும். தோள் கழன்றுவிடும். வயிறு தெரிய ஆரம்பித்ததும் பிழிகிற வேலையை மாமியார் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தேங்காய்ப்பால் பிழிவது மட்டும் லத்தீஃபாவுக்கு.

முதல் கேசட்டை வீரையன் கொண்டுவந்தான். வீரையன் அடுத்த ஊர்க்காரன், ஐந்து மா குத்தகை நிலத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டுச் சவூதியில் ஒரு கோதுமைப் பண்ணையில் டிராக்டர் ஓட்டப் போனவன். மூஸா இருக்கிற இடத்துக்கும் அவன் இருக்கிற இடத்துக்கும் ஒரு மணி நேரத் தூரம். கேசட்டைக் கொடுத்துவிட்டு, வைத்த டீயைப் பாதியில் வைத்துவிட்டு, பஸ் போய்விடும் என்று எழுந்துவிட்டான்.

"இருந்து கேட்டுட்டுப் போங்களேன்" என்றார் சைத்தூன் பீவி.

"பாய் பேசுறப்ப நான் பக்கத்துலதாம்மா இருந்தேன். நீங்க கேளுங்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டான்.

கேசட்டில் மூஸா நன்றாக இருந்தார். அரபி நல்ல மனுஷன். சாப்பாட்டுக்குக் குறையில்லை. வண்டி ஓட்டாத நேரம் சும்மாதான் இருப்பது. "அரபி ஊருக்கு வெளிய தோட்டம் வச்சிருக்கார். ஒட்டகம் நெறைய இருக்கு, ஆடும் இருக்கு. நான் போய்ப் பாப்பேன். பாத்துப் பாத்து அதுங்க மேல ஒரு இது வந்துடுச்சு. லத்தீஃபா, நம்ம லைப்ரரியில மிருகங்களைப் பத்தின புத்தகம் இருந்தா எடுத்துப் படிச்சு அனுப்பு. ஒட்டகம் பத்தி இருந்தா நல்லது. இல்லாட்டி ஆடு மாடு பத்தி இருந்தாலும் சரிதான். முழுசா படி. ஒரு பக்கமும் விடாம படி."

கூடம் சிரித்தது. எருமை எதிரே வந்தால் எதிர்ச்சாரிக்குப் போகிற ஆள் மூஸா. குர்பானி ஆட்டின் கயிற்றைக்கூட மச்சினனிடம் கொடுத்துவிட்டுத் தள்ளி நிற்பார்.

"சவூதி சோறு எம் மவனை மாத்திடுச்சு" என்றார் சைத்தூன் பீவி. சொல்லும்போது அவருக்குப் பெருமை தாங்கவில்லை. டிரைவர் வேலை பார்த்துவிட்டு, பொழுது போகாமல் புத்தகம் கேட்கிற அளவுக்கு மகன் வசதியாக இருக்கிறான்.

மறுநாள் அவரே வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, வாழ்நாளில் முதல் தடவையாகக் கிளை நூலகத்துப் படி ஏறினார். நூலகர் தங்கையன் பேப்பர்களைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி, ஒட்டகம் இருக்கா?"

தங்கையன் நிமிர்ந்து பார்த்தார். "என்னம்மா?"

"புத்தகந்தான் கேக்குறேன். சவூதியிலேருந்து எம் மவன் கேக்குறான். மிருகம் பத்தினது, ஆடு மாடு பத்தினது, எது இருந்தாலும் சரி. அவனுக்குப் படிக்க வராது, மருமவ படிச்சு கேசட்ல புடிச்சு அனுப்பணும்."

தங்கையன் அந்த நூலகத்தில் பல வருஷமாக உட்கார்ந்திருக்கிறார். வருகிறவர்கள் பேப்பரில் வேலைவாய்ப்புப் பக்கத்தைப் படிப்பார்கள், மழைக்கு ஒதுங்குவார்கள், மின்விசிறிக்கு அடியில் தூங்குவார்கள். பறவையையும் காட்டையும் பற்றி அவர் ஆசை ஆசையாகக் கேட்டு வாங்கிய புத்தகங்கள் பீரோவுக்குள் அப்படியே இருந்தன. அவற்றைக் கேட்டு ஒருத்தர் வந்துவிட்டார் என்றதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறி ஒவ்வொன்றாக எடுத்துத் தூசி தட்டினார்.

"இது நீர்ப்பறவைங்க பத்தினதும்மா. படிச்சா ஏரிக்கரையில நிக்கிற மாதிரி இருக்கும். இது யானை. யானைக் கூட்டத்துல கெழவிதான் தலைமை, அது சொல்றதைத்தான் எல்லாம் கேக்கும்."

"எல்லா வீட்டுலயும் அப்படித்தான் தம்பி."

"இது தேனீ. இது பாம்பு, ஆனா பயப்படுற மாதிரி இருக்காது. ஒட்டகத்துக்குன்னு தனியா ஒண்ணும் இல்லம்மா. சின்னப் பசங்க புத்தகம் ஒண்ணுல நாலு வரி வரும்."

"ஆடு மாடு?"

கீழ்த்தட்டிலிருந்து மஞ்சள் அட்டை போட்ட மெல்லிய புத்தகம் ஒன்றை அரைமனதாக எடுத்தார். கால்நடைப் பராமரிப்பு என்று போட்டிருந்தது. "இது இருக்கு. ஆனா இது வேணாம்மா. தீவனம், கொட்டகை, மருந்து, இதைத்தான் எழுதியிருப்பாங்க. பாலைவனத்துல கெடக்குற மனுஷனுக்குப் பச்சையா எதாச்சும் குடுக்கணும். மொதல்ல நீர்ப்பறவையைப் படிக்கச் சொல்லுங்க. அப்புறம் யானை."

"அவன் ஆடு மாடுன்னுதானே கேட்டான். அதையும் குடுங்க. சேத்துப் படிக்கட்டும்."

அப்படித்தான் அந்த மஞ்சள் புத்தகம் வீட்டுக்கு வந்தது. கேட்டதைக் கொடுத்துவிட்டால் ஆயிற்று. ஆனால் எங்கள் ஊரில் ஒருவன் ஒன்றைக் கேட்டால் அதைவிட நல்லது எது என்று சொல்ல ஆள் வரிசையில் நிற்கும். மூஸா புத்தகம் கேட்ட விஷயம் இடியாப்பத் தட்டோடு வீடு வீடாகப் போனது. பாம்புப் புத்தகம் அனுப்பாதே, பயந்துடுவான் என்றார் ஒருவர். மீன் பற்றி அனுப்பு, அங்கே மீன் கிடைக்காது, கேட்டாவது பசியாறட்டும் என்றார் இன்னொருவர். நடவுக்குப் போகிற அம்சத்துக்கு எழுத்து தெரியாது, அவளும் சொன்னாள்.

"நத்தை, நண்டு பத்தியெல்லாம் எழுத மாட்டாங்களா பாயம்மா? வயக்காட்டு எலி பத்தி ஒரு புத்தகம் போட்டா நானே சொல்வேன். மனுஷன் மாதிரி நெல்லைக் கதிரு கதிரா அறுத்து உள்ள அடுக்கி வச்சிருக்கும்."

"நீ சொல்லு, புடிச்சுக்கறேன்" என்றாள் லத்தீஃபா. உண்மையிலேயே பிடித்துக்கொண்டாள்.

ஐப்பசி அடைமழை. சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. இடியாப்ப வேலை ஓய்ந்து, மாமியார் மத்தியான லுஹர் தொழுது முடித்ததும், கூடத்து ஜன்னலோரம் பலகையைப் போட்டு உட்கார்ந்து லத்தீஃபா படிப்பாள். டேப் ரிக்கார்டர் கலியாணத்துக்கு வந்தது. கரண்டு குறைந்தால் சக்கரம் மெதுவாகச் சுற்றும், அப்போது பிடித்ததைப் பிறகு போட்டால் அவள் குரல் கீச்சென்று கேட்கும். அழித்துவிட்டுத் திரும்பப் படிப்பாள். ஓட்டுச் சரிவில் மழை கொட்டுகிற சத்தம், ரைஸ்மில் சத்தம், நடுவில் பாங்கு, எல்லாம் கேசட்டில் ஏறியது. எட்டாவதோடு நிறுத்தப்பட்டவள் அவள். இப்படி ஒரு சாக்கில் புத்தகம் கைக்கு வந்ததில் அவளுக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். மூஸாவுக்காகப் படிப்பதாகச் சொல்லிக்கொண்டு தனக்காகவும் படித்தாள். முக்குளிப்பான் பறவை தன் குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்தும் என்று படித்த அன்றைக்குப் படிப்பதை நிறுத்தி, வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். அந்த இடைவெளியும் கேசட்டில் இருக்கிறது.

மஞ்சள் புத்தகத்தையும் விடவில்லை. கொட்டகை எப்படிப் போடுவது, தண்ணீர் எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று வரிசையாகப் படித்துக்கொண்டே போனாள். அடுத்த பக்கத்தைத் திருப்பியவள் வாய்க்குள்ளேயே நாலு வரி படித்துவிட்டு டேப்பை அமுக்கி நிறுத்தினாள்.

"மாமி, இதுல கன்னு வீசுறதைப் பத்திப் போட்டிருக்கு."

சைத்தூன் பீவி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். "என்னது?"

"கன்று வீச்சு நோயின்னு. செனையா இருக்குற மாடு, ஆடு எல்லாம் நாள் ஆவறதுக்கு முன்னாடியே..."

"நிறுத்து. நிறுத்து. முழுகாம இருக்குறவ வாயால எடுக்குற பேச்சா அது?"

"ஒரு பக்கமும் விடாம படின்னாங்களே மச்சான்."

"அவன் ஆம்பள, அவனுக்கு என்ன தெரியும்? ஏழு மாசத்தை வயித்துல வச்சுக்கிட்டுக் கரு கலையிற கதையைப் படிப்பியா நீ? அதைக் கடல் தாண்டி இருக்குறவன் காதுல வேற போடுவியா? எத்தன பக்கம் அது?"

லத்தீஃபா படிக்காமல், விரலை விட்டுப் புரட்டிப் பார்த்தாள். "ரெண்டு பக்கம்."

"ரெண்டு பக்கந்தானே. தள்ளிட்டுப் படி. அவன் என்ன அங்க மாடா மேய்க்கப் போறான்? சும்மா பொழுது போகக் கேக்குறது."

லத்தீஃபாவுக்கும் பயமாகத்தான் இருந்தது.  பிஸ்மில்லா சொல்லி இரண்டு பக்கத்தைச் சேர்த்துத் திருப்பினாள். கோழிப் பண்ணை பற்றிய பக்கத்திலிருந்து மறுபடி படித்தாள். மாமியார் தனியாக எழுந்து போய்ச் சட்டியில் மிளகாயும் உப்பும் போட்டு அவளுக்குச் சுற்றிப் போட்டார்.

வீரையன் லீவு முடிந்து போகும்போது கேசட்டுகளையும், ஒரு டப்பா நார்த்தங்காய் ஊறுகாயையும் எடுத்துக்கொண்டு போனான்.

தை பிறந்து லத்தீஃபாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நஜ்மா என்று பெயர் வைத்தார்கள். பாலுக்கு அழுகிற சத்தத்தையும் ஒரு கேசட்டில் பிடித்து அனுப்பினார்கள். பதில் வர அறுவடை முடிந்து உளுந்து எடுக்கிற காலம் ஆகிவிட்டது. மூஸா பிள்ளையைப் பற்றிப் பேச ஆரம்பித்து, டேப்பை நிறுத்தி, மறுபடி ஆரம்பித்தார். அப்படி நாலைந்து இடத்தில் நின்று நின்று ஓடியது. பிறகு புத்தகத்துக்கு வந்தார்.

"முக்குளிப்பான் கேட்டேன். திரும்பத் திரும்பக் கேட்டேன். யானை வேணாம் லத்தீஃபா, அது நமக்குத் தெரியாதது. நம்ம ஊர்ல இருக்குறதா பாத்துப் படி. தவளை பத்தி இருக்கா கேளு. அம்சம் சொன்ன எலி ரொம்ப நல்லாருந்துச்சு, அதை எல்லா புத்தகத்துக்கும் மேல சொல்வேன். ஆடு மாடு புத்தகந்தான்... அது அவ்வளவுதானா? இன்னும் கொஞ்சம் இருக்கும்னு நெனச்சேன். சரி, எழுதலை போலருக்கு. வேற யாராச்சும் எழுதியிருந்தா தங்கையன் சாரைப் பாக்கச் சொல்லு."

லத்தீஃபா மாமியாரைப் பார்த்தாள். கூடத்தில் அத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள். மாமியார், தவளைப் புத்தகம் கேட்டுட்டு வரணும் என்று பக்கத்திலிருந்தவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளை பிறந்தாகிவிட்டதே, இனிமேல் அந்தப் பக்கங்களைப் படிக்கலாம் என்று லத்தீஃபா நினைத்தாள். புத்தகம் எப்போதோ நூலகத்துக்குத் திரும்பிப் போயிருந்தது. கைப்பிள்ளைக்காரியிடம் மட்டும் அந்தப் பேச்சு ஆகுமா என்று கேட்டு மாமியார் அதையும் மூடிவிட்டார். தங்கையன் தவளைக்குப் புத்தகம் தேடித் தஞ்சாவூர் மாவட்ட நூலகம் வரைக்கும் போய் வந்தார். மாட்டுக்கு வேறு புத்தகம் இல்லை என்றும், இருந்தாலும் அதே விஷயம்தான் இருக்கும் என்றும் சொல்லிவிட்டார். அதற்குப் பதிலாக ஆற்றைப் பற்றி ஒன்று, சிட்டுக்குருவியைப் பற்றி ஒன்று, எறும்பைப் பற்றி ஒன்று. லத்தீஃபா எல்லாவற்றையும் படித்தாள். அதற்கு மேல் ஒரு வருஷம் இப்படியே போனது. அவர் கேட்க, இவள் படிக்க, அது நல்லாருந்துச்சு இது சுமார் என்று அவர் சொல்ல, அந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டி ஒருவரோடு ஒருவர் பேசியது அந்த ஒரு வருஷம்தான் என்று சொல்வேன். பிள்ளை பால்மணம் மாறுவதற்குள் அதுவும் முடிந்தது.

அடுத்த சித்திரையில், வாய்க்கால்கள் வறண்டு ஊரே புழுதியாகக் கிடந்தபோது, திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து ஒரு டாக்சி வந்து நின்றது. வீரையன் முதலில் இறங்கி, மறுபக்கக் கதவைத் திறந்து, கம்பளியோடு ஓர் ஆளைத் தாங்கி இறக்கினான். வெயில் கொளுத்துகிற மத்தியானத்தில் கம்பளி. சைத்தூன் பீவி யாரோ என்று நினைத்து முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அம்மா" என்றார் மூஸா.

அவரைப் படுக்க வைத்துவிட்டுக் கொல்லைப்புறத்தில் நின்று வீரையன் சொன்னான். லத்தீஃபா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"எட்டு மாசமா இருக்கு தங்கச்சி. காய்ச்சல் வரும், நாலு நாள்ல விட்டுடும், திரும்ப வரும். மூட்டு மூட்டா வலின்னு படுப்பாரு. அரபி மாத்திரை குடுப்பாரு. ஆள் உருகிக்கிட்டே வந்துட்டாரு."

"டிரைவர் வேலையில என்னங்க இப்படி..." என்றார் சைத்தூன் பீவி.

வீரையன் கீழே பார்த்தான். "டிரைவர் வேலையெல்லாம் இல்லம்மா. போன மொத நாளே தோட்டத்துல கொண்டு விட்டுட்டாங்க. தோட்டம்னா செடி கொடி இல்ல, வெறும் மணலு. நூறு ஒட்டகமும் ஆடும். இவரும் ஒரு சூடான்காரரும் மட்டுந்தான். சூடான்காரரும் ஊருக்குப் போயிட்டாரு. ஜவுளிக்கடையில இருந்த கையி, அதுக்கு என்ன தெரியும்? குட்டி வயித்துல நிக்காம கொறையா விழுந்துக்கிட்டே இருந்துச்சு. ஒண்ணு விழுந்தா அரபி இவரைத்தான் கத்துவாரு. என்ன நோவு, என்ன செய்யறதுன்னு கேக்க அங்க ஆள் கெடையாது. புத்தகத்துல இருக்கும், லத்தீஃபா படிச்சு அனுப்பும்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. நான் கேசட்டோட திரும்பிப் போனன்னிக்கு நடந்தே எங்க பண்ணைக்கு வந்துட்டாரும்மா, அவருகிட்ட டேப்பு ஓடல. மொத மொத அந்த ஆடு மாடு புத்தகத்தைத்தான் போடச் சொன்னாரு."

சைத்தூன் பீவி துவைக்கிற கல்லில் அப்படியே உட்கார்ந்தார். நஜ்மா எதற்கோ சிரித்தது. லத்தீஃபாவுக்கு அழுகை வரவில்லை. பிள்ளையை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பெரிய டாக்டர் ஒரு பெண். மூஸாவின் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அங்க என்ன வேலை பாத்தீங்க?"

மூஸா தாயைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். "ஒட்டகம் மேய்ச்சேன்" என்றார்.

"பச்சைப் பால் குடிச்சீங்களா?"

"அதானே சாப்பாடு. கறந்த சூட்டோட நுரையோட குடிப்போம்."

"குட்டி குறைப்பிரசவமா விழுந்துச்சா? கையால எடுத்தீங்களா?"

"நான்தான் எடுப்பேன். சில குட்டிக்கு உசிரு இருக்கிற மாதிரி இருக்கும். துடைச்சு, வாயில ஊதிப் பாப்பேன்."

டாக்டர் வெளியே வந்து, வராந்தாவில் வைத்து வீரையனிடமும் லத்தீஃபாவிடமும் சொன்னார். மிருகத்திடமிருந்து ஒட்டின நோய். நெஞ்சுக்குள் இறங்கி வால்வை அரித்துவிட்டது. மருந்து ஏற்றுகிறோம், ஆனால் நீங்கள் மனதைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள். சொல்லும்போது அவர் லத்தீஃபாவின் தோளில் கை வைத்திருந்தார்.

மூஸா மவுத்தானது அதற்கு அடுத்த வியாழக்கிழமை காலையில். அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை நடந்ததை லத்தீஃபா ரொம்ப நாள் கழித்து என் வீட்டுப் பெண்களிடம் சொன்னாள்.

அன்றைக்குக் காய்ச்சல் இறங்கி அவர் தெளிவாக இருந்தார். மாமியார் தொழப் போயிருந்தார். லத்தீஃபா கட்டிலோரம் ஸ்டூலில் உட்கார்ந்து சாத்துக்குடி பிழிந்துகொண்டிருந்தாள்.

"எறும்புப் புத்தகம் பாதியில நின்னு போச்சு" என்றார் மூஸா. "மீதி என்ன ஆச்சு அதுல?"

"மழை வர்றதுக்கு முன்னாடி முட்டையெல்லாம் மேட்டுக்குத் தூக்கிட்டுப் போவும் மச்சான்." சொல்லிவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள். "ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"அந்த ஆடு மாடு புத்தகம். அதுல ரெண்டு பக்கம் நான் படிக்கல. தள்ளிட்டேன்."

அவர் முகத்தைத் திருப்பி அவளைப் பார்த்தார்.

"கன்னு வீசுறதைப் பத்தி இருந்துச்சு. வயித்துல புள்ளையை வச்சுக்கிட்டு எப்படிப் படிக்கிறதுன்னு... சபர்ல இருக்குறவங்க காதுல போடக்கூடாதுன்னு. பொழுதுபோக்குக்குக் கேக்குறீங்கன்னு நெனச்சோம். நான் படிச்சிருக்கணும்." சாத்துக்குடித் தோலை விரலால் கிள்ளினாள். "நீங்க அவ்வளவு சொல்லியும் நான் படிக்கல மச்சான்."

 மூஸா மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தார்.

"இருந்துச்சா அதுல" என்றார். "அவங்க எழுதலைன்னு நெனச்சுட்டேன்."

"நீங்க வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. குட்டி விழுது, அதைப் பத்திப் படின்னு."

"எப்படிக் கேக்குறது? கூடம் பூரா ஆளு உக்காந்து கேக்கும். டிரைவர்னு சொல்லிட்டு ஒட்டகம் மேய்க்கிறேன்னு சொல்றதா? அதோட நீ மாசமா இருந்தே. கன்னு வீசுதுங்கிற பேச்சை உன் காதுல எப்படிப் போடுறது? அதனாலதான் முழுசா படின்னேன். முழுசா படிச்சா அது தானா வந்துடும்னு."

லத்தீஃபா முகத்தை முந்தானையில் புதைத்துக்கொண்டாள். அவர் கையை நீட்டி அவள் தலையைத் தொட்டார். அந்தக் கைக்குக் கனமே இல்லை என்று சொன்னாள்.

"அழாதே. அந்தப் புத்தகம் கெடைக்குமா இப்ப?"

வீரையன் போய்ச் சொன்னதும் தங்கையனே சாயங்கால பஸ்ஸில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.  வருகிற வழியில் பஸ்ஸிலேயே அந்தப் பக்கங்களைப் படித்திருந்தார். புத்தகத்தை லத்தீஃபாவிடம் கொடுத்துவிட்டு, சார் உக்காருங்க என்று மூஸா சொல்லியும் உட்காராமல், வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

"படி" என்றார் மூஸா. "ஒரு பக்கமும் விடாம படி."

அவள் படித்தாள். "சினையாக இருக்கும் மாடு, ஆடு முதலியவை நாள் நிறைவதற்கு முன்பே கன்றை வீசிவிடும். ஒன்று வீசினால் மற்றவற்றுக்கும் பரவும். வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடலாகாது."

"ம்" என்றார் மூஸா.

"ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும்."

"புதைச்சேன். சுண்ணாம்பு போடல. அங்க ஏது சுண்ணாம்பு."

"பாலை நன்றாகக் காய்ச்சாமல் குடிக்கலாகாது. இந்நோய் மனிதரையும் தொற்றும். காய்ச்சல் விட்டு விட்டு வரும். இரவில் உடல் வேர்க்கும். மூட்டுகளில் வலி காணும். பசி குறைந்து உடல் மெலியும்."

"பாத்த மாதிரி எழுதியிருக்காங்க பாரு. எல்லாம் சரியா இருக்கு" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. ஏதோ ஒன்று கடைசியில் புரிந்துவிட்ட ஆறுதல்தான் இருந்தது. அதைத்தான் தன்னால் தாங்க முடியவில்லை என்றாள் லத்தீஃபா.

பக்கத்தின் அடியில் இன்னும் ஒரு வரி இருந்தது. அன்றைக்குக் கூடத்தில் அவள் இந்த வரி வரைக்கும் வந்திருக்கவே இல்லை. இப்போது வாய் அங்கே போவதற்குள் கண் போய்விட்டது. தொடக்கத்திலேயே கண்டுகொண்டால் எளிய மருந்தினால் முழுவதும் குணமாகும், அஞ்ச வேண்டியதில்லை என்று போட்டிருந்தது.

"அவ்வளவுதானா?" என்றார் மூஸா.

"அவ்வளவுதான் மச்சான். பக்கம் முடிஞ்சிடுச்சு."

"ஒண்ணும் விடலையே?"

"விடல."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "அப்பவே நீ படிச்சிருந்தாலும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது போலருக்கு. மருந்து இருந்தா எழுதியிருப்பாங்கல்ல. நீ மனசைப் போட்டுக் கொழப்பிக்காதே."

"ஆமா மச்சான்" என்றாள் லத்தீஃபா.